பிழையைப் பார்த்துக் கருவியை எடுங்கள்: நிரல் எழுதப் புகுவோருக்குக் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டி

கோவையில் பீளமேட்டிலோ சரவணம்பட்டியிலோ பெரிய மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்பவருக்குக் கருவி பற்றிய கவலை கிடையாது. எந்த எடிட்டர் (நிரலை எழுதும் கருவி), எந்த டீபக்கர் (நிரலில் பிழை தேடும் கருவி) என்பதை நிறுவனமே முடிவு செய்து மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிடும். இந்தக் கட்டுரை மற்றவர்களுக்கானது. திருப்பூரில் ஒரு பவர் டேபிளுக்கு, அதாவது பனியன் கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் சிறு கூடத்துக்கு, பீஸ் ரேட் சம்பளக் கணக்கு எழுதித் தர ஒப்புக்கொண்டவர், ஈரோட்டில் மஞ்சள் குடோனுக்கு எடைச் சீட்டு மென்பொருள் செய்பவர், கணபதியில் பட்டறை நடத்தும் மாமாவுக்கு சர்வீஸ் பதிவேடு உருவாக்கிக் கொடுப்பவர், பெருந்துறைப் பக்கம் கல்லூரியில் படித்துக்கொண்டே சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்பவர். இவர்கள் எல்லாவற்றையும் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. கையில் இருப்பது பெரும்பாலும் பழைய கணினி.

இவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: எடிட்டரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள், பிழை தேடும் கருவியை முதலில் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எந்த எடிட்டர் அழகு, எந்த வண்ணம் கண்ணுக்கு இதம் என்று வாரக்கணக்கில் பார்க்கிறார்கள். நிரல் தவறான விடை தரும் நாளில் எதை வைத்துத் தேடுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். நிரலை எழுதும் நேரத்தைவிட, எழுதியது ஏன் தவறுகிறது என்று தேடும் நேரம் அதிகம். அந்த நேரத்தைக் குறைக்கும் கருவிக்குத்தான் முதல் மரியாதை.

கட்டற்ற மென்பொருள் என்றால், அதன் மூலநிரலை (எழுதப்பட்ட நிரல் வரிகளை) யாரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை உள்ள மென்பொருள். அதை வலியுறுத்துவதற்குக் காசு மிச்சம் என்பது ஒரு காரணம் மட்டுமே. நீங்கள் ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் அந்தக் கருவி உங்களோடு வரும். சம்பளம் போட வேண்டிய சனிக்கிழமை மாலை, சந்தா முடிந்துவிட்டது என்று அது பூட்டிக்கொள்ளாது. விலையுள்ள மென்பொருளைத் திருட்டு நகலாகப் பென்டிரைவில் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பூட்டை உடைத்து விற்பவர் உள்ளே வேறென்ன வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது. உங்களை நம்பித் தன் கணக்கைக் கொடுத்திருப்பவரின் கணினியில்தான் அது போய் உட்காரும்.

1. வேலையை எழுதிவையுங்கள்

ஒரு தாளில் மூன்று செய்திகளை எழுதுங்கள். நிரல் எந்தக் கணினியில் ஓடப்போகிறது? அது கையாளும் தகவல் என்ன: எண்களா, தமிழ்ப் பெயர்களா, ஏதாவது கருவியிலிருந்து வரும் எடையா? நீங்கள் இல்லாதபோது யார் அதைப் பார்த்துக்கொள்வார்?

முதல் கேள்விக்கான விடை பெரும்பாலும் விண்டோஸ் போட்ட, 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினியாக இருக்கும். அந்தக் கணினியில் ஓடாத கருவி எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும் உங்களுக்குப் பயனில்லை. உங்கள் சொந்த மடிக்கணினியும் அதே வயதுடையது என்றால் அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான முகப்புள்ள லினக்ஸ் மின்ட் போன்ற கட்டற்ற இயங்குதளம் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம். பிழை தேடும் கருவிகளில் சில லினக்ஸில் மட்டுமே ஓடும். ஆனால் செய்து முடித்த நிரலை அது கடைசியில் ஓடவிருக்கும் கணினியிலேயே சோதித்துப் பார்க்க வேண்டும். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2. உரிமத்தைப் படியுங்கள்

கட்டற்ற மென்பொருள் ஒவ்வொன்றின் மூலநிரலோடும் உரிமக் கோப்பு ஒன்று வரும். அதில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி 2.0 என்றிருந்தால் அந்த நிரலைப் பயன்படுத்தலாம், மாற்றலாம், நீங்கள் விற்கும் மென்பொருளோடு சேர்த்தும் கொடுக்கலாம். பதிப்புரிமை அறிவிப்பை மட்டும் நீக்கக் கூடாது. ஜிபிஎல் என்றிருந்தால், அதன் நிரலைச் சேர்த்து நீங்கள் உருவாக்கியதை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அதே உரிமத்தின்படி மூலநிரலையும் அவருக்குத் தர வேண்டும்.

இங்கே புதியவர்களுக்கு ஒரு வீண் பயம் உண்டு. ஜிபிஎல் உரிமமுள்ள எடிட்டரில் எழுதினால் நம் நிரலும் ஜிபிஎல் ஆகிவிடுமோ என்று கேட்கிறார்கள். ஆகாது. எடிட்டரும் டீபக்கரும் நீங்கள் எழுதுவதன் மேல் எந்த உரிமையும் கோருவதில்லை. ஜிசிசி என்ற கம்பைலரில் (மூலநிரலைக் கணினி ஓட்டும் வடிவமாக மாற்றும் கருவி) தொகுத்த நிரலும் உங்களுடையதே. கம்பைலர் உங்கள் நிரலோடு சேர்க்கும் தன் நூலகப் பகுதிகளுக்கு (ஆயத்த நிரல்களுக்கு) அதற்கென்றே தனி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் நிரலுக்குள் சேர்க்கும் நூலகங்களின் உரிமத்தை.

விஎஸ் கோட் பற்றி எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் வெளிவந்த அந்த எடிட்டரின் மூலநிரல் எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நாம் இறக்கிக்கொள்ளும் தொகுப்புக்கு உரிமம் வேறு, பயன்பாட்டுத் தகவலை அனுப்பும் வசதியும் அதில் உண்டு. அதே மூலநிரலை எடுத்து, தகவல் அனுப்பும் வசதியை அணைத்துத் தொகுத்து வெளியிடுவதுதான் விஎஸ்கோடியம். இதில் மைக்ரோசாஃப்டின் சில நீட்சிகள் (எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்) கிடைக்காது. பைத்தான் மொழிக்கான பைலான்ஸும் சி மொழிக்கான அவர்களது டீபக்கரும் அவர்களுடைய எடிட்டரோடு மட்டுமே பயன்படுத்த உரிமம் பெற்றவை. விஎஸ்கோடியம் எக்லிப்ஸ் அறக்கட்டளை நடத்தும் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற தொகுதியிலிருந்து நீட்சிகளை எடுக்கிறது. பைத்தானுக்கு டீபக்பை, சி மொழிக்குக் கோட்எல்எல்டிபி என்று கட்டற்ற மாற்றுகள் இருக்கின்றன. புதியவருக்கு அவை தாராளமாகப் போதும்.

3. திட்டத்துக்கு உயிர் இருக்கிறதா

ஆட்டம் (Atom) என்ற எடிட்டரை ஒரு காலத்தில் மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தினார்கள். 2022 டிசம்பரில், அதை உருவாக்கிய கிட்ஹப் நிறுவனமே மூடிவிட்டது. கட்டற்ற மென்பொருள் என்பதால் மூலநிரல் அழிந்துபோகவில்லை, வேறு சிலர் அதை எடுத்து வளர்க்கிறார்கள். ஆனாலும் அதைப் பழகியவர்கள் இன்னொன்றுக்கு மாற வேண்டியிருந்தது. எனவே ஒரு கருவியை எடுக்கும் முன் அதன் திட்டப் பக்கத்தில் கொஞ்ச நேரம் செலவிடுங்கள். கடைசிப் பதிப்பு எப்போது வந்தது? பிழை என்று எழுதியவர்களுக்கு யாராவது பதில் சொல்லியிருக்கிறார்களா? எத்தனை பேர் நிரலில் கைவைக்கிறார்கள்?

கடைசிக் கேள்வி முக்கியமானது. 2024 மார்ச் இறுதியில் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தன் கணினியில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் நுழையும் முறை) வழியே உள்நுழைய ஏறக்குறைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நினைவகத் தவறுகளைத் தேடும் வால்கிரைண்டு என்ற கருவியும் சில எச்சரிக்கைகளைக் காட்டியிருந்தது. விடாமல் தேடியதில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு புறவாசல் (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. உலகம் முழுவதும் லினக்ஸ் கணினிகளில் இருக்கும் அந்த மென்பொருளைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே ஆள்தான் பராமரித்துவந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒருவர் மெல்ல மெல்ல நம்பிக்கையைப் பெற்று உள்ளே நுழைந்திருந்தார். மூலநிரல் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்ததால்தான் இன்னொருவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது. அதே சமயம், திறந்து கிடப்பதாலேயே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிவிடவும் கூடாது. அரை நொடித் தாமதத்தைச் சட்டைசெய்த ஒரு மனிதர் அங்கே தேவைப்பட்டார்.

4. பிழை தேடும் கருவிகள்

தோட்டத்தில் போர் மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றால், நல்ல மெக்கானிக் எடுத்த எடுப்பில் பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்குவதில்லை. ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, டாங் டெஸ்டரை வயரில் மாட்டி, எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று பார்க்கிறார். கோளாறு வயரிலா, மோட்டாரிலா, கிணற்றில் தண்ணீர் இல்லையா என்று மேலே நின்றே பாதி தெரிந்துகொள்கிறார். நிரலிலும் இதே ஒழுங்கு வேண்டும். அளந்து பார்க்காமல் நிரலை மாற்றாதீர்கள்.

அளப்பதற்கு முதல் கருவி உங்கள் கண்தான். பைத்தான் ஒரு பிழைச் செய்தியைக் கொட்டும்போது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படியுங்கள். என்ன பிழை என்பது கடைசி வரியிலும், எந்தக் கோப்பில் எத்தனையாவது வரி என்பது அதற்குச் சற்று மேலேயும் இருக்கும். பைத்தான் 3.11 முதல், அந்த வரியில் எந்தப் பகுதி தவறியது என்பதையும் அடிக்கோடிட்டுக் காட்டுகிறது. செய்தியைப் படிக்காமலே நிரலை மாற்றத் தொடங்குவது பொல்லாத பழக்கம். அதை முளையிலேயே கிள்ளிவிடுங்கள்.

பிழைச் செய்தியே வராமல் விடை மட்டும் தவறாக வரும்போதுதான் டீபக்கர் வேண்டும். ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பனியன் கம்பெனி ஒன்றுக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிளில், ஒரு பீஸுக்கு 1 ரூபாய் 15 காசு என்று ரேட் பேசியிருக்கிறார்கள். ஓவர்லாக் மெஷினில் தைக்கும் அம்மா சம்பளச் சீட்டோடு வந்து, “கண்ணு, நூறு பீஸ் தைத்திருக்கிறேன். 115 ரூபாய் வர வேண்டும். 114 என்று போட்டிருக்கிறதே, பாரு” என்கிறார். நிரலில் ரேட்டைப் பீஸ் எண்ணிக்கையால் பெருக்கி, விடையை முழு எண்ணாக்கிச் சீட்டில் அச்சிடுகிறார்கள். படிக்கும்போது எந்தத் தவறும் தெரியவில்லை.

அவசரப்படுபவர் விடையோடு 1 கூட்டிவிடுவார். அடுத்த ஆளின் சீட்டு தவறும். நிதானமாக இருப்பவர், பெருக்கும் வரிக்கு முந்திய வரியில் பிரேக்பாயின்ட் என்று ஆங்கிலத்தில் எழுதி வெற்று அடைப்புக்குறி போடுவார். 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல் இந்த வசதி மொழியிலேயே இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். நிரலை ஓட்டினால் அந்த இடத்தில் நிற்கும். பிடிபி என்ற டீபக்கர் உங்கள் கேள்விக்காகக் காத்திருக்கும். எந்த மாறியின் பெயரைத் தட்டினாலும் அதன் மதிப்பைச் சொல்லும். நெக்ஸ்ட் என்பதன் முதல் ஆங்கில எழுத்தைத் தட்டினால் ஒரு வரி நகரும். ஸ்டெப் என்பதன் முதல் எழுத்து, அழைக்கப்படும் ஃபங்ஷனுக்குள் நுழையும். கன்டினியூ என்பதன் முதல் எழுத்து, அடுத்த பிரேக்பாயின்ட் வரை ஓடவிடும். தொடக்கத்துக்கு இந்த மூன்றும் போதும்.

ஒரு வரி நகர்த்தி, பெருக்கிய விடை என்ன என்று கேளுங்கள். 114.99999999999999 என்று வரும். அடுத்த வரி அதை முழு எண்ணாக்கும்போது புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அப்படியே வெட்டிவிடுகிறது. ஒரு ரூபாய் எங்கே போனது என்பது இப்போது கண்ணெதிரே இருக்கிறது. கணினி எண்களை இரும முறையில் வைத்திருக்கிறது. 1.15 என்ற பின்னத்தை அந்த முறையில் துல்லியமாக எழுத முடியாது, மயிரிழை குறைவான ஓர் எண்ணைத்தான் சேமிக்கிறது. தீர்வு, பணத்தைக் காசுகளாக முழு எண்ணில் வைத்துக்கொள்வது: 115 காசு, 100 பீஸ், 11,500 காசு. அச்சிடும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். டெசிமல் என்ற பைத்தான் தொகுதியையும் பயன்படுத்தலாம். அப்போது 1.15 என்பதை மேற்கோள் குறிக்குள் உரையாகக் கொடுக்க வேண்டும். எண்ணாகக் கொடுத்தால் அந்த மயிரிழைப் பிழையும் கூடவே உள்ளே போய்விடும்.

கட்டளைகளைத் தட்டுவது கடினமாகத் தோன்றினால் தானி (Thonny) என்ற கருவியை எடுங்கள். எஸ்தோனியாவின் தார்த்து பல்கலைக்கழகத்தில், பைத்தான் கற்பவர்களுக்காக உருவானது. பைத்தானும் அதற்குள்ளேயே வருகிறது. ஒரு கணக்கின் ஒவ்வொரு பகுதியும் எப்படி விடையாக மாறுகிறது என்பதைப் படிப்படியாகத் திரையில் காட்டும். பழைய கணினியிலும் தடங்கலில்லாமல் ஓடும். பைத்தானில் தொடங்கும் புதியவருக்கு நான் கொடுக்கும் முதல் கருவி இதுதான்.

நீங்கள் இல்லாத நேரத்தில் நேரும் பிழைக்கு டீபக்கர் உதவாது. அதற்கு லாக்கிங் என்ற தொகுதி இருக்கிறது. நேரத்தோடு ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு கோப்பில் எழுதிவைக்கும். எந்தச் சீட்டு எப்போது அச்சானது, அப்போது ரேட் என்ன, பீஸ் எத்தனை என்று எழுதவையுங்கள். திங்கட்கிழமை போய் அந்தக் கோப்பைப் பார்த்தால் சனிக்கிழமை நடந்தது தெரியும். ஆட்களின் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ அதில் எழுதக் கூடாது.

தமிழ்ப் பெயர்களைக் கையாளும் நிரல்களில் வேறு வகைப் பிழை வரும். மஞ்சள் மண்டி வியாபாரிகளின் பாக்கியை ஊர்வாரியாகக் கூட்டும்போது, கோபி என்ற ஊர் இரண்டு வரிகளில் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. வெறுங்கண்ணால் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. டீபக்கரில் நின்று இரண்டின் நீளத்தையும் கேளுங்கள். ஒன்றுக்கு 4 என்றும் மற்றதற்கு 5 என்றும் வந்தால் காரணம் பிடிபட்டுவிட்டது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் நிற்கும் கொம்பையும் பின்னால் நிற்கும் காலையும் இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் எழுதலாம். நமக்கு இரண்டும் ஒரே எழுத்து. கணினிக்கு அவை வேறு வேறு. யூனிகோட்டேட்டா என்ற பைத்தான் தொகுதியில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனுக்கு என்எஃப்சி என்ற முறையைச் சொன்னால் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். பெயர்களைச் சேமிக்கும் இடத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், கூட்டும் இடத்தில் அல்ல.

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. யூனிகோடைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். கோபிசெட்டிபாளையம் என்ற பெயரில் 17 குறியீடுகள் இருப்பதால் 51 பைட் வேண்டும். ஊர்ப் பெயருக்கு 30 பைட் போதும் என்று யாராவது அளவு வைத்திருந்தால் அது கோபிசெட்டியோடு நின்றுவிடும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்தவர் கண்ணில் இது படவே படாது. ஆகவே உங்கள் சோதனைப் பட்டியலில் நம்மூர் நீளப் பெயர்களைத் தவறாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோளாறு நிரலிலா, வெளிக் கருவியிலா என்று பிரித்துப் பார்க்கவும் கருவிகள் இருக்கின்றன. மின்னணுத் தராசு சீரியல் கேபிள் வழியே கணினியோடு பேசுகிறது. நிரலில் எடை தாறுமாறாக வந்தால், நிரலை மூடிவிட்டுப் புட்டி (PuTTY) என்ற சிறிய மென்பொருளைத் திறந்து அதே போர்ட்டை, தராசின் கையேட்டில் சொன்ன வேகத்தில் திறங்கள். தராசு அனுப்புவது அப்படியே திரையில் ஓடும். எண்கள் சரியாக வந்தால் குறை உங்கள் நிரலில். புரியாத குறிகளாக வந்தால் பெரும்பாலும் வேகம் பொருந்தவில்லை. ஒன்றுமே வரவில்லை என்றால் கேபிளையும் போர்ட்டையும் பாருங்கள். மூட்டைகள் வரிசையில் காத்திருக்கும்போது இந்த ஒரு சோதனை அரை நாளை மிச்சப்படுத்தும்.

தகவலை எஸ்க்யூலைட் என்ற தகவல்தள மென்பொருளில் வைத்திருப்பவர்கள் டிபி பிரௌசர் என்ற கருவியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். எஸ்க்யூலைட் எந்த உரிமக் கட்டுப்பாடும் இல்லாமல் பொதுச் சொத்தாக விடப்பட்டது, முழுத் தகவல்தளமும் ஒரே கோப்பில் அடங்கும். நிரல் என்ன சேமித்தது என்று ஊகிக்காமல் அட்டவணையைத் திறந்து நேரே பார்க்கலாம். திறப்பதற்கு முன் அந்தக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவிடுங்கள், நகலையே திறங்கள். வலைப்பக்கம் செய்பவர்களுக்கு ஃபயர்ஃபாக்ஸில் எஃப்12 விசையை அழுத்தினால் வரும் பலகை போதும். அதில் நெட்வொர்க் பகுதியை முதலில் பழகுங்கள். பக்கம் சர்வரிடம் என்ன கேட்டது, சர்வர் என்ன சொன்னது என்பது தெரிந்தாலே குறை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

சி, சி++ எழுதுபவர்களுக்கு ஜிடிபி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதிய அந்த டீபக்கர் இன்றும் தொடர்ந்து வளர்க்கப்படுகிறது. நிரலைத் தொகுக்கும்போது டீபக் தகவலைச் சேர்க்கச் சொல்லும் விருப்பத்தைக் கொடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் வரி எண்களும் மாறிகளின் பெயர்களும் தெரியாது. நிரல் திடீரென்று விழுந்தால் பேக்டிரேஸ் கட்டளை, எந்த ஃபங்ஷன் எதை அழைத்து எங்கே விழுந்தது என்று காட்டும். நினைவகத் தவறுகளுக்கு அட்ரஸ் சானிடைசரை முதலில் முயலுங்கள். ஜிசிசி, கிளாங் இரண்டு கம்பைலர்களிலும் இருக்கிறது, நிரலின் வேகம் ஏறக்குறைய பாதியாகும், அவ்வளவுதான். வால்கிரைண்டுக்கு மீண்டும் தொகுக்க வேண்டியதில்லை, ஆனால் நிரல் பத்து, இருபது மடங்கு மெதுவாகிவிடும், விண்டோஸில் நேரடியாக ஓடாது. பம்ப் கன்ட்ரோலர் போர்டுக்கு நிரல் எழுதுபவர்கள் ஓப்பன்ஓசிடி என்ற இணைப்பு மென்பொருள் வழியே ஜிடிபியைச் சிப்போடு இணைத்து, ஓடும் நிரலை அங்கேயே நிறுத்திப் பார்க்கலாம். லினக்ஸில் ஒரு நிரல் கோப்பு இல்லை என்று அடம்பிடித்தால், எஸ்ட்ரேஸ் என்ற கருவி, அது உண்மையில் எந்தப் பாதையில் தேடியது என்று சொல்லிவிடும்.

5. கிட்

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி கிட் (Git). தனியாக வேலை செய்பவருக்கு அது எதற்கு என்று கேட்பார்கள். தனியாக இருப்பவருக்குத்தான் மிகவும் தேவை, நேற்று என்ன மாற்றினோம் என்று நினைவூட்ட வேறு ஆள் இல்லை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கெர்னலுக்காக எழுதிய அந்தக் கருவி இணையம் இல்லாமலே முழுதாக வேலை செய்யும். ஒரு பென்டிரைவையே தொலைக் களஞ்சியமாக வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதற்கு அனுப்பிவைக்கலாம்.

அது பிழை தேடும் கருவியும்கூட. போன மாதம் சரியாக வந்த சீட்டு இந்த மாதம் தவறுகிறது, இடையில் எத்தனையோ மாற்றங்கள் செய்திருக்கிறீர்கள். பைசெக்ட் என்ற கட்டளைக்குச் சரியாக இருந்த ஒரு நிலையையும் தவறான ஒரு நிலையையும் சொல்லுங்கள். அது நடுவில் உள்ள நிலையை எடுத்துத் தரும். சோதித்துச் சரி, தவறு என்று பதில் சொன்னால் மறுபடி பாதியாக்கும். ஆயிரம் மாற்றங்கள் இருந்தாலும் பத்துச் சோதனைகளில் தவறு புகுந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும். இது உங்களுக்குப் பயன்பட வேண்டுமானால் மாற்றங்களைச் சிறிது சிறிதாகப் பதிந்துவைத்திருக்க வேண்டும். ஒரு வார வேலையை ஒரே பதிவாகப் போட்டால், எந்த வாரம் என்பது மட்டும்தான் தெரியும். கடவுச்சொற்களையும் உண்மையான சம்பளத் தகவலையும் கிட்டுக்குள் போடாதீர்கள், புறக்கணிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

6. இப்போது எடிட்டர்

விண்டோஸ் என்றால் நோட்பேட்++, லினக்ஸ் என்றால் ஜீனி (Geany) அல்லது கேட் (Kate). இவை இலேசானவை. 8 ஜிபி நினைவகமும் அதற்கு மேலும் இருந்தால் விஎஸ்கோடியம் நல்ல தேர்வு, டீபக்கரும் எடிட்டரும் ஒரே சாளரத்தில் கிடைக்கும். 4 ஜிபி கணினியில் பிரௌசரையும் திறந்துவைத்துக்கொண்டு அதை ஓட்டினால் திணறும். விம், ஈமேக்ஸ் இரண்டும் ஆயுளுக்கும் உழைப்பவை, ஆனால் பழகக் காலம் பிடிக்கும். முதல் வேலையை முடித்துக் கொடுத்த பிறகு ஆர்வமிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். கொங்கு என்று தட்டி, அம்பு விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து, நடுவில் ஒன்றை அழித்துப் பாருங்கள். கர்சர் தவறான இடத்தில் நின்றால் தமிழ் உரை நிறைந்த நிரலுக்கு அந்த எடிட்டர் உதவாது. பல டெர்மினல்களில் (கட்டளை தட்டும் சாளரங்களில்) தமிழ் உடைந்துதான் தெரியும். அதை நிரலின் பிழை என்று எண்ணிவிடாமல், விடையை ஒரு கோப்பில் எழுதிப் பிரௌசரில் திறந்து சரிபாருங்கள்.

7. இறக்குவதும் முடிவெடுப்பதும்

கருவிகளை அவற்றின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தோ லினக்ஸின் தொகுப்புக் களஞ்சியத்திலிருந்தோ மட்டும் இறக்குங்கள். தளத்தில் எஸ்எச்ஏ-256 எண் (கோப்பின் கைரேகை போன்றது) கொடுத்திருந்தால், இறக்கிய கோப்பின் எண்ணோடு ஒப்பிடுங்கள். செல்பேசி இணையத்தை நம்பியிருப்பவர்கள் கையேடுகளையும் சேர்த்து இறக்கிவைத்துக்கொள்வது நல்லது. பைத்தானின் முழு ஆவணமும் ஒரே தொகுப்பாகக் கிடைக்கிறது. சீல் (Zeal) என்ற மென்பொருள் பல மொழிகளின் ஆவணங்களை இணையமின்றிப் புரட்ட உதவும்.

இரண்டு கருவிகளுக்கு இடையில் தயக்கம் வந்தால் விமர்சனங்களைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். மேலே சொன்ன 1.15 கணக்கைப் போல, விடை தெரிந்த ஒரு பிழையை உங்கள் நிரலில் நீங்களே வையுங்கள். இரண்டு கருவியாலும் அதைத் தேடுங்கள். எது உங்களை விரைவில் அந்த வரிக்குக் கொண்டுபோனதோ அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை நீக்கிவிடுங்கள்.

8. கருவியிலேயே பிழை இருந்தால்

சில நேரம் குறை உங்கள் நிரலில் இருக்காது, கருவியில்தான் இருக்கும். அப்போது திட்டத்தின் பிழைப் பதிவேட்டில் எழுதுங்கள். முதலில் அதே பிழையை வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லை என்றால், கருவியின் பதிப்பு எண், இயங்குதளம், நீங்கள் செய்தது, எதிர்பார்த்தது, நடந்தது ஆகியவற்றை எழுதுங்கள். உங்கள் நிரல் முழுவதையும் ஒட்டாதீர்கள். பிழை தோன்றும் சில வரிகள் மட்டும் மிஞ்சும்வரை வெட்டிக் குறையுங்கள். பாதி நேரம், அப்படி வெட்டும்போதே குறை உங்களுடையது என்று தெரிந்துவிடும்.

தமிழ் எழுத்து உடைவது, கர்சர் பிசகுவது, அகர வரிசை தவறுவது போன்ற பிழைகளை நாம்தான் எழுத வேண்டும். அந்தக் கருவியை உருவாக்கியவர்கள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. சரியாகத் தெரிய வேண்டிய வடிவத்தின் படத்தையும், உடைந்து தெரியும் வடிவத்தின் படத்தையும், அந்தச் சொல்லில் உள்ள யூனிகோட் குறியீட்டு எண்களையும் சேர்த்து அனுப்புங்கள். குறியீட்டு எண்கள் இருந்தால், தமிழ் தெரியாதவரும் அந்தப் பிழையைத் தன் கணினியில் அப்படியே வரவழைத்துப் பார்க்க முடியும்.